பட்டறைப் பதில்கள்: வாஷர் வைத்தால் ஆயில் பிரஷர் ஏறுமா?

கேள்வி: அண்ணே, வணக்கம். எங்கள் வீட்டில் தாத்தா வாங்கிய பழைய மாஸி 35 டிராக்டர் இருக்கிறது. மூன்று சிலிண்டர் பெர்க்கின்ஸ் இன்ஜின். காலையில் ஸ்டார்ட் செய்தால் ஆயில் பிரஷர் (சதுர அங்குலத்துக்கு) 50 பவுண்டு காட்டுகிறது. சேற்றுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம் (கேஜ் வீல்) மாட்டி ஒரு மணி நேரம் சேறு அடித்தால், ஃபுல் வேகத்திலேயே 20-க்கு வந்துவிடுகிறது. ஐட்லிங்கில் முள் கீழே படுத்துக்கொள்கிறது. ஒரு மெக்கானிக், ரிலீஃப் வால்வு ஸ்பிரிங்குக்குப் பின்னால் வாஷர் வைத்தால் சரியாகிவிடும் என்கிறார். லேத் பட்டறையில், ஆயில் பம்பையே கழற்றிப் புதுப்பித்துத் தருகிறோம் என்கிறார்கள். எதைச் செய்வது?
– ஒரு வாசகர், நீடாமங்கலம்

பதில்: தம்பி, வாஷர் வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இதைப் படிப்பதற்குள் அவர் ஸ்பேனரோடு வந்துவிடக்கூடும்.

பம்பு பிரஷரை உண்டாக்குவதில்லை. ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். தள்ளிய ஆயில் பேரிங் இடுக்குகள் வழியே வெளியேறத் திணறும்போதுதான் முள் ஏறும். ரிலீஃப் வால்வு மிஞ்சினதைத் திருப்பி விடும் மதகு மாதிரி. இந்த இன்ஜினில் அது 50 பவுண்டுக்கு மேல்தான் திறக்கும். உங்களுக்கு வருவதே 20. வாய்க்காலில் முழங்கால் தண்ணீர் ஓடும்போது மதகுப் பலகையை இன்னும் ஒரு சாண் உயர்த்தி என்ன பயன்? வாஷர் வைத்தால் சூட்டில் ஒரு பவுண்டு கூட ஏறாது. காலைக் குளிரில் மட்டும் 50 என்பது 80 ஆகி, ஃபில்டர் சீலைப் பிதுக்கும். வால்வில் தூசி சிக்கித் திறந்தபடி நின்றிருந்தால் அது வேறு கதை. கழற்றி டீசலில் கழுவி, விரலால் தள்ளினால் வழுக்கிக்கொண்டு போகிறதா என்று பாருங்கள்.

சரி, 20 பவுண்டு போதுமா? போதாது. நன்றாகச் சூடான இன்ஜின் முழு வேகத்தில் 30 முதல் 60 வரை காட்ட வேண்டும். ஆனால் பம்பைத் தொடுமுன் மூன்றைப் பார்த்துவிடுங்கள். கேஜ் பொய் சொல்கிறதா என்று வேறொரு நல்ல கேஜைப் போட்டுப் பாருங்கள். டிப் ஸ்டிக்கில் ஆயில் மட்டம் தானாக ஏறியிருக்கிறதா, முகர்ந்தால் டீசல் வாடை வருகிறதா? வந்தால் டீசலை இழுத்துக் கொடுக்கும் ஃபீட் பம்பின் டயாஃப்ரம் (சவ்வு) கிழிந்து டீசல் உள்ளே இறங்குகிறது என்று சந்தேகப்படலாம். நீர்த்துப்போன ஆயிலுக்குப் பிரஷர் நிற்காது. மூன்றாவது, இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டியான சம்ப்பில் இருக்கும் சல்லடையும் அதன் குழாய் மூட்டும். மூட்டு வழியே காற்றை இழுத்தாலும் முள் இப்படித்தான் படுக்கும்.

இப்போது என் கதை ஒன்று. பட்டறை போட்ட புதிதில், பக்கத்து ஊர்க்காரர் ஒருவருக்கு இதே வேலை. யோசிக்காமல் புதுப் பம்பு மாட்டினேன். புது ஆயில், புது ஃபில்டர். இரண்டே பவுண்டு ஏறியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். அதுதான் கஷ்டமாக இருந்தது. மறுபடி சம்ப்பை இறக்கி கனெக்டிங் ராட் மூடியைக் கழற்றினால், பேரிங் ஷெல்லில் ஈயச் சாம்பல் நிறம் போய்ச் செம்பு பளபளக்கிறது. பம்பு பாவம், அது தள்ளிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

அதற்கப்புறம் சம்ப்பை இறக்கினால் ஒரு சோதனை செய்யாமல் பம்பில் கை வைப்பதில்லை. கையால் அடிக்கும் புது ஸ்ப்ரேயர் ஒன்று வைத்திருக்கிறேன். பூச்சிமருந்து படாதது, அது முக்கியம். அதில் லேசாகச் சூடாக்கிய இன்ஜின் ஆயில் ஊற்றி, குழாயைக் கேஜ் மாட்டும் துளையில் இணைத்து, பம்பிலிருந்து வரும் டெலிவரி குழாய் வாயை அடைத்துவிட்டு, காற்று அடிக்க வேண்டும். அடியில் படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். எல்லாப் பேரிங்கிலும் சொட்டுச் சொட்டாக விழுந்தால் நல்லது. ஒன்றில் மட்டும் நூல் பிடித்த மாதிரி ஒழுகினால் ஆள் அகப்பட்டான். கிராங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றி மறுபடி பாருங்கள், துளைகள் நேராகும் இடத்தில் ஒழுக்கு கூடித் தெரியும். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

இந்த வண்டிக்குச் சேஸிஸ் கிடையாது, இன்ஜினே முதுகெலும்பு. வார்ப்பிரும்பு சம்ப் நல்ல கனம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையாதீர்கள். கட்டை அண்டை கொடுங்கள்.

பேரிங் நன்றாக இருந்தால் அப்புறம் பம்பு. முன்பக்க மெயின் பேரிங் மூடியில் உட்கார்ந்திருக்கும். கிராங்க் கியரிலிருந்து நடுவில் ஒரு ஐட்லர் கியர் வழியாகச் சுற்றுகிறது. மூடியைத் திறந்தால் உள்ளே இரண்டு ரோட்டர். உள் ரோட்டருக்கு வெளி ரோட்டரைவிட ஒரு பல் குறைவு. அந்த ஒரு பல் வித்தியாசத்தில்தான் இடைவெளி விரிந்து ஆயிலை உறிஞ்சி, சுருங்கித் தள்ளுகிறது. வெளியே எடுக்குமுன் இரண்டின் முகத்திலும் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பன்ச் அடிக்காதீர்கள், மேடு எழும்பும்.

இடுக்கை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜால் மூன்று இடம் அளக்க வேண்டும்: பல்லுக்குப் பல், வெளி ரோட்டருக்கும் பாடிக்கும் நடுவே, அப்புறம் பாடியின் மேல் எஃகு ஸ்கேலை நிமிர்த்தி வைத்து ரோட்டர் எவ்வளவு பள்ளத்தில் இருக்கிறது என்று. என் அனுபவத்தில் பம்பு சாவது பெரும்பாலும் இந்த மூன்றாவதில்தான். சாதாரண ஜெராக்ஸ் தாளின் கனம் 0.1 மில்லிமீட்டர். ஸ்கேலுக்கும் ரோட்டருக்கும் நடுவே அந்தத் தாள் தாராளமாக நுழைந்தால் சூடான ஆயில் முன்னே போகாமல் பக்கவாட்டிலேயே திரும்பி வழிந்துவிடும்.

லேத் பட்டறைக்காரர்கள் செய்யக்கூடிய உருப்படியான வேலை இங்கே இருக்கிறது. மூடித்தகட்டில் ரோட்டர் தேய்த்த வட்டத் தடம் நகத்தில் தட்டுப்படும். கனமான கண்ணாடியின் மேல் 400 நம்பர் வாட்டர் பேப்பரை ஒட்டி, டீசல் விட்டு, தகட்டை எட்டு போடுவதுபோலத் தேயுங்கள். தடம் மறையும்வரை. பாடியின் முகத்தையும் இப்படியே மயிரிழையளவு இறக்கலாம், ஆனால் நான்கு தேய்ப்புக்கு ஒரு முறை அளந்துகொண்டே. ரோட்டர் சுற்றாமல் பிடித்துக்கொண்டால் பம்பு குப்பைக்கு. பல்லில் தேய்மானம் என்றாலோ, ஷாஃப்ட் ஆடினாலோ வெல்டு வைத்துச் செதுக்கித் தருகிறேன் என்பவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். முழுப் பம்பாகவே வாங்குங்கள், ரோட்டர் மட்டும் வாங்கிப் போட்டால் பாடியோடு சேராது. கடையில் இன்ஜின் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள். 3.152 என்றால் மூன்று சிலிண்டர், 152 கன அங்குலம். இரண்டரை லிட்டர் கணக்கு.

மாட்டும்போது, வெளி ரோட்டரில் ஓரம் மழுங்கிய பக்கம் பாடிக்குள்ளே போக வேண்டும். கேஸ்கட் இல்லாமல் வந்த மூடிக்கு நீங்களாகக் காகிதம் வெட்டி வைத்தால், தேய்த்துச் சம்பாதித்ததெல்லாம் போச்சு. சம்ப்புக்குச் சிலிக்கான் அள்ளிப் பூசவும் வேண்டாம், உள்ளே பிதுங்கியது பிய்ந்து சல்லடையில் போய் அடைக்கும். பம்புக்குள் ஆயில் ஊற்றிக் கையால் சுற்றி, மறுவாயில் ஆயில் வருகிறதா என்று பார்த்து மாட்டுங்கள். பிறகு ஸ்டாப் நாபை இழுத்துப் பிடித்து, முள் அசையும்வரை செல்ஃப் அடியுங்கள். விட்டு விட்டு அடியுங்கள், மோட்டார் சூடாகிவிடும்.

கேள்வி: அதே கோளாறு எங்களுக்கும். 90 நம்பர் கியர் ஆயில் ஊற்றினால் பிரஷர் நிற்கும் என்கிறாரே டிரைவர்?
– ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: அம்மா, கியர் ஆயிலின் 90-ம் இன்ஜின் ஆயிலின் 40-ம் வெவ்வேறு கணக்கு. 90 நம்பர் கியர் ஆயில் நிஜத்தில் 40, 50 நம்பர் இன்ஜின் ஆயிலின் கெட்டிதான். கரியைப் பிடித்து வைக்கும் மருந்து அதில் கிடையாது. அதிலுள்ள கந்தகச் சேர்மானம் செம்பு கலந்த பேரிங்குக்கு ஆகாது. கெட்டி ஆயிலில் முள் ஏறுவதைப் பார்த்து டிரைவருக்கு நிம்மதி, அவ்வளவுதான். ஏற்கனவே ஊற்றியிருந்தால் இன்றைக்கே வடித்துவிட்டு ஃபில்டரையும் மாற்றுங்கள்.