மனைவி யார் என்று முடிவு செய்தது யார்? – கேள்வி பதில்

தென்னாப்பிரிக்காவில் பெண்கள் மாதமான ஆகஸ்டில் இந்திய வம்சாவளி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, டர்பனில் குடும்ப வழக்குகள் நடத்தி ஓய்வுபெற்ற வழக்கறிஞர் ஒருவர் பதில் சொல்கிறார்.

கேள்வி (சாட்ஸ்வர்த்): ஆன்டி, 1913-ல் காந்தியின் சத்தியாக்கிரகத்தில் நம் பெண்கள் ஜெயிலுக்குப் போனது தாலியின் மானத்துக்காக என்று கோயில் விழாவில் ஒருவர் பேசினார். அவ்வளவுதானா?

பதில்: பாதி சரி. 1913 மார்ச் 14-ல் கேப் மாகாண நீதிமன்றத்தில் நீதிபதி சர்ல் ஒரு தீர்ப்பு சொன்னார். பாய் மரியம் என்ற பெண் இங்கிருந்த கணவரிடம் வந்து சேரப் பார்த்தார். பலதார மணத்துக்கு இடம் தரும் மதத்தின்படி நடந்த கல்யாணம் இங்கே செல்லாது என்று தீர்ப்பானது. வழக்கு ஒரு முஸ்லிம் பெண்ணுடையது. அடி இந்து, பார்சி வீடுகளிலும் விழுந்தது. மனைவி வைப்பாட்டி ஆனாள், பிள்ளைக்கு வாரிசுரிமை போனது. மேடையில் பேசுகிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். எனக்குக் கண்ணில் படுவது கப்பல் துறை. சட்டத்தின் கண்ணில் மனைவி இல்லை என்றால் நாட்டுக்குள் கால் வைக்கவே முடியாது. மானப் பிரச்சினை அதற்குப் பிறகுதான்.

மறுபாதி 3 பவுன் வரி. இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்து, ஒப்பந்தம் முடிந்தும் ஊர் திரும்பாமல் நடாலில் (நம் டர்பன் இருக்கும் பகுதி) தங்குகிறவர் ஆண்டுதோறும் 3 பவுன் கட்ட வேண்டும் என்றது 1895 சட்டம். பிறகு 1903-லிருந்து 16 வயதுப் பையனுக்கும் உண்டு, 13 வயதுப் பெண்ணுக்கும் உண்டு. ஒப்பந்தக் கூலி ஆணுக்கு முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங், பெண்ணுக்கு அதில் பாதி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: மாதம் 5 ஷில்லிங் என்றால் வருடத்துக்கு 60 ஷில்லிங், அதாவது 3 பவுன். கரும்புத் தோட்டத்தில் ஒரு பெண் வருடம் பூராவும் வாங்கிய கூலி அந்த வரிக்கே சரியாகப் போகும். டிரான்ஸ்வாலிலிருந்து (ஜோகன்னஸ்பர்க் இருக்கும் மாகாணம்) கைக்குழந்தைகளோடு நியூகாசிலுக்கு வந்த தமிழ்ப் பெண்கள், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களிடம் எடுத்துச் சொன்னது இந்த வரியைத்தான். வேலைநிறுத்தம் வெடித்தது. அந்தப் பெண்களுக்கு மாரிட்ஸ்பர்க் சிறையில் 3 மாதக் கடுங்காவல். தாலி, தாலி என்று மட்டும் பேசினால் அந்தப் பெண்கள் கூலிக்காரிகள் என்பதே மறந்துபோகிறது.

கேள்வி (லெனேசியா): அந்தப் போராட்டத்தில் சிறை போன தில்லையாடி வள்ளியம்மை இந்தியரா, தென்னாப்பிரிக்கரா?

பதில்: தில்லையாடி அவர் குடும்பத்தின் ஊர். பிறந்தது ஜோகன்னஸ்பர்கில். மாரிட்ஸ்பர்க் சிறையிலிருந்து காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-ல், 16 வயதில் இறந்தார். பிராம்ஃபொன்டைன் இடுகாட்டில் அடக்கம். தமிழ்நாட்டில் அவரைத் தங்கள் பெண்ணாகக் கொண்டாடட்டும், எனக்கு வருத்தமில்லை. ஆனால் இந்த மண்ணில் பிறந்த பெண் இந்த மண்ணில் வாழத்தான் சிறை போனாள். நம் பிள்ளைகளுக்கு அதைச் சொல்ல வேண்டாமா?

கேள்வி (ஐசிபிங்கோ): அந்தப் போராட்டத்துக்குப் பிறகு வந்த 1914 சட்டத்தோடு பிரச்சினை தீர்ந்ததா?

பதில்: வரி ஒழிந்தது. ஒரே மனைவி உள்ள கல்யாணத்துக்கு வழி பிறந்தது, இந்தியப் புரோகிதர்களையும் திருமண அதிகாரிகளாக நியமிக்கலாம் என்றானது. இரண்டாம் தாரமாக வந்தவளைப் பற்றி நம் தலைவர்களும் பெரிதாக வாய் திறக்கவில்லை.

கேள்வி (பீனிக்ஸ்): என் தாத்தா ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்தும் ஆயாவை இங்கே கொண்டுவர முடியவில்லையாம். ஏன்?

பதில்: 1953 சட்டமாக இருக்கும். அதுவரை இங்கே குடியிருப்புரிமை உள்ளவர் இந்தியாவிலிருந்து மனைவியையும் சிறு பிள்ளைகளையும் வரவழைக்கலாம். அந்தக் கதவை அடைத்தார்கள். 1961 வரை நம்மை நாட்டின் நிரந்தர மக்களாகவே அரசு ஏற்கவில்லை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பெண் வராவிட்டால் குடும்பம் பெருகாது. அந்தக் கணக்கு அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

கேள்வி (மெரேபேங்க்): ஆப்பிரிக்கரைக் கட்டிய என் அத்தையைச் சட்டம் பிரித்ததா, சொந்தக்காரர்கள் பிரித்தார்களா?

பதில்: 1949 கலப்பு மணத் தடைச் சட்டம் வெள்ளையரோடு மற்றவர் மணம் செய்வதைத்தான் தடுத்தது. உங்கள் அத்தை கல்யாணம் குற்றமில்லை. ஆனால் எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த 1950 குழுப் பகுதிச் சட்டப்படி ஆப்பிரிக்கரை மணந்த பெண், எந்த இனத்தவளானாலும், அவர் குழுவில் சேர்ந்துவிடுவாள். பிறந்த வீடு இந்தியப் பகுதியில் என்றால் அங்கே அவளுக்கு இடமில்லை. சொந்தக்காரர்கள் கதவைச் சாத்தச் சட்டம் நல்ல சாக்கு கொடுத்தது. இரண்டு பேருமே பிரித்தார்கள் என்பேன்.

கேள்வி (மாரிட்ஸ்பர்க்): கோயிலில் மட்டும் தாலி கட்டினோம். பதிவு செய்யவில்லை. போதாதா?

பதில்: போதாது, மா. கல்யாணம் நடத்தியவர் அரசு நியமித்த திருமண அதிகாரியா என்று முதலில் விசாரியுங்கள். இல்லையென்றால் விவாகரத்து, சொத்துப் பங்கு என்று வரும்போது கஷ்டப்படுவீர்கள். உயில் எழுதாமல் இறந்த கணவரின் சொத்தில், இந்து முறைப்படி மட்டும் மணந்த விதவைக்கும் பங்கு உண்டு என்று டர்பன் நீதிமன்றம் 2008-ல் சொன்னது. அதுகூட ஒரு பெண் கோர்ட்டுப் படியேறி வாங்கியது. நீங்கள் அலைய வேண்டாம். ஹோம் அஃபேர்ஸுக்கு (உள்துறை அலுவலகம்) போய்ப் பதிவு செய்துவிடுங்கள்.

கேள்வி (டர்பன்): என் மகளின் துணை ஒரு பெண், சென்னைக்காரி. இங்கே வந்து இருக்க முடியுமா? சொந்தக்காரர்களிடம் கேட்க வாய் வரவில்லை.

பதில்: முடியும். ஒரே பாலினத் துணைக்கும் குடியேற்ற உரிமை உண்டு என்று 1999-லேயே அரசியலமைப்பு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒரே பாலினத்தவரும் மணம் செய்து பதிவு செய்ய 2006 முதல் சிவில் யூனியன் சட்டம் இருக்கிறது. சென்னையில் பதிவு செய்ய வழியில்லை. 2023-ல் இந்திய உச்ச நீதிமன்றம் அந்த உரிமையைத் தர மறுத்துவிட்டது. அதனால் இங்கே பதிவு செய்வதுதான் வழி. சேர்ந்து வாழ்ந்ததற்கான ஆதாரங்களை, வாடகை ஒப்பந்தம், பேங்க் கணக்கு எல்லாவற்றையும் இப்போதே ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். ஒரே பாலின ஜோடிக்கு மணம் செய்துவைக்க மனசாட்சி இடம் தரவில்லை என்று அதிகாரி ஒதுங்கிக்கொள்ள முன்பு சட்டத்தில் இடமிருந்தது. 2020-ல் அதை எடுத்துவிட்டார்கள். கவுன்டரில் யாராவது முகம் சுளித்தால் மேலாளரைக் கூப்பிடச் சொல்லுங்கள், மறுப்பை எழுத்தில் கேளுங்கள்.