வாசகர் கேள்வி பதில்: 792 அட்டைகள்

சென்ற இதழில் வீடு மாற்றிய கதையை எழுதும்போது, 'பீரோவைக்கூட விற்றுவிட்டேன், 792 அட்டைகள் இருக்கும் பெட்டியை மட்டும் விற்கவில்லை' என்று போகிறபோக்கில் ஒரு வரி எழுதினேன். வந்த கடிதங்களில் பாதி அந்த வரியைப் பற்றித்தான். நல்ல தேக்கு பீரோ அது, அதைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. சரி, இந்த முறை பக்கம் முழுக்க அட்டைதான்.

என்ன அட்டை சார் அது? சீட்டுக்கட்டா, சினிமாப் படமா?
– வாசகர், மதுரை

பேஸ்பால் அட்டை. அமெரிக்காவில் 1987இல் 'டாப்ஸ்' கம்பெனி போட்ட தொகுப்பு.

அப்பா புள்ளியியலில் ஆராய்ச்சி செய்ய பிட்ஸ்பர்க் போனார். பின்னாலேயே அம்மாவும் நானும் போய்ச் சேர்ந்தோம். எனக்கு அப்போது பத்து வயது. பள்ளிக்கூடத்தில் நான் பேசிய ஆங்கிலம் அவர்களுக்குப் புரியவில்லை, அவர்கள் பேசியது எனக்குப் புரியவில்லை. ஆனால் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எல்லாப் பையன்களின் கையிலும் ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு இருந்தது. மூன்றாவது வாரம் என் கையிலும் ஒன்று வந்துவிட்டது.

டாப்ஸ் அப்போது ஒரு சூயிங்கம் கம்பெனி. மெழுகுத்தாள் பாக்கெட்டில் 17 அட்டையும் ஒரு துண்டு பபிள்கம்மும் இருக்கும், விலை 40 சென்ட். அட்டை இரண்டரை அங்குல அகலம், மூன்றரை அங்குல உயரம். முன்பக்கம் ஆட்டக்காரர் படம், அதைச் சுற்றி மரப்பலகை மாதிரி ஒரு சட்டம். 1962இல் அவர்களே போட்ட மரச்சட்ட வடிவத்தை 25 வருஷம் கழித்து மறுபடி கொண்டுவந்திருந்தார்கள். எங்கள் வாடகை வீட்டுக் கூடத்துச் சுவரிலும் அதே போலி மரம்தான் ஒட்டியிருந்தது. டிவி பெட்டியிலும் அதேதான். அதனால் அந்த அட்டையைப் பார்த்தால் எனக்கு ஆட்டக்காரருக்கு முன்னால் அந்தக் கூடம்தான் ஞாபகம் வரும், வீட்டைச் சூடாக்கும் ரேடியேட்டர் மேல் காயப்போட்ட அம்மாவின் புடவையோடு.

பின்பக்கம் முழுக்க எண்கள். எந்த வருஷம், எந்த அணி, எத்தனை ஆட்டம், எத்தனை ஹோம் ரன் (நம்ம ஊர் சிக்சர் மாதிரி). மளிகைக்கடைச் சிட்டை மாதிரி நெருக்கி அச்சடித்திருப்பார்கள். அமெரிக்க மாநிலங்கள் பாதியை நான் படித்தது பூகோளப் புத்தகத்தில் அல்ல, ஆட்டக்காரர்கள் பிறந்த ஊரில்.

அந்த பபிள்கம் ருசியாக இருக்குமா?
– வாசகி, கும்பகோணம்

இருக்காது. மேலே மாவு பூசிய, அப்பளம் மாதிரி நொறுங்குகிற ஒரு இளஞ்சிவப்பு வஸ்து. அரை நிமிஷம் சர்க்கரை, அப்புறம் ரப்பர். அதோடு ஒட்டிக்கிடந்த அட்டையில் ஒரு கறை விழும், அது போகவே போகாது. 1992இல் அந்த கம்மையே நிறுத்திவிட்டார்கள். ஒருவரும் அழுததாகத் தெரியவில்லை.

அது என்ன கணக்கு, 792? 800 என்று முழுசாகப் போட்டிருக்கலாமே?
– கல்லூரி மாணவர், கோவை

அச்சகக் கணக்கு, தம்பி. ஒரு பெரிய தாளில் 132 அட்டை அடிப்பார்கள். ஆறு தாள் அடித்தால் 792.

எத்தனை பாக்கெட் வாங்கினால் 792ம் சேரும்? நீங்கள் எவ்வளவு செலவு செய்தீர்கள்?
– கணித ஆசிரியர், திருச்சி

ஐயா, இந்தக் கேள்வியை நான் முதலில் கேட்டது என் அப்பாவிடம். கேட்டிருக்கக் கூடாது.

புதிதாக ஒன்றைக் கற்றுக்கொண்டிருப்பவரிடம் அதைப் பற்றியே கேட்டால் என்ன ஆகும்? சாப்பாட்டு மேஜையில் ரசம் ஆறிக்கொண்டிருக்க, கடை ரசீதின் பின்னால் எழுத ஆரம்பித்தார். "முதல் அட்டை எதுவானாலும் புதுசு. பாதி சேர்ந்த பிறகு, எடுக்கிற ஒவ்வொன்றும் புதுசா இருக்க வாய்ப்பு பாதிதான். கடைசி ஒண்ணே ஒண்ணு பாக்கி இருக்கும்போது? 792இல் ஒண்ணு. அந்த ஒரு அட்டைக்காகச் சராசரியா 792 அட்டை வாங்கணும். அதாவது 47 பாக்கெட்."

எல்லாவற்றையும் கூட்டினார். 792ம் சேரச் சராசரியாக 5,744 அட்டை. 338 பாக்கெட். 135 டாலர். எங்கள் மாத மளிகைச் செலவை விட அது அதிகம். எனக்கு வாரத்துக்கு ஒரு டாலர் கைக்காசு, இரண்டு பாக்கெட் வரும். அந்தக் கணக்கில் மூன்றேகால் வருஷம். அதற்குள் கடையில் அடுத்த வருஷத்து அட்டை வந்துவிடும்.

நான் அழுகிற நிலைக்கு வந்திருப்பேன் போல. அம்மா, "குழந்தைகிட்ட இப்படியா சொல்வாங்க" என்றாள். அப்பா ரசீதைத் திருப்பி மறுபடி ஏதோ போட்டுவிட்டுச் சொன்னார்: "தனியா சேர்த்தாத்தான்டா இந்தக் கணக்கு. நாலஞ்சு பேர் சேர்ந்து மாத்திக்கிட்டா மொத்தமே மாறிடும். உனக்கு ரெண்டு வந்தது அவனுக்கு வராததா இருக்கும். போய் நாலு பேரைப் பிடி."

அப்படித்தான் எதிர்வீட்டுப் பையனிடம் போய் நின்றேன். நாங்கள் இருந்தது கிரீன்ஃபீல்டு என்ற பகுதி. தெருவில் பாதிப் பேர் இரும்பாலைக் குடும்பங்கள். ஊரில் ஆலைகள் வரிசையாக மூடிக்கொண்டிருந்த காலம் அது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹோம்ஸ்டெட் ஆலை 1986இலேயே மூடியாகிவிட்டது. அவன் அப்பா பகலிலும் வீட்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். அது ஏன் என்று எனக்கு அப்போது தெரியாது. பகலில் வீட்டில் இருக்கும் அப்பா கிடைத்தவன் அதிர்ஷ்டசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாற்றிக்கொள்வதற்கு ஆங்கிலம் அதிகம் தேவைப்படவில்லை. ஒருவன் தன் கட்டை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டுவான். பார்க்கிறவன், "இருக்கு, இருக்கு, இருக்கு, வேணும்!" என்பான். இரண்டே சொல். நான் அந்த ஊரில் தடுமாறாமல் பேசிய முதல் இரண்டு ஆங்கிலச் சொற்கள் அவைதான். அப்புறம் பேரம். எங்கள் தெருவில் பேரம் பேசத் தெரிந்த ஒரே பையன் நான், ஊரில் ஆச்சியோடு சந்தைக்குப் போய்ப் பழகியது. ஹோசே கன்சேகோ ஒருவரைக் கொடுத்து ஆறு பேரை வாங்கினேன். என்னிடம் கால் ரிப்கன் இரண்டு இருந்தார். எதிர்வீட்டுப் பையன் ஒன்றைக் கேட்டுக்கேட்டுப் பார்த்தான். பதிலுக்கு பாரி பாண்ட்ஸ் வேண்டும் என்றேன், தரமாட்டான் என்று தெரிந்தே. பாண்ட்ஸ் எங்கள் ஊர் அணியான பைரேட்ஸின் ஆள். அவரை யார் தருவார்கள்?

ஞாயிற்றுக்கிழமை இன்னொரு சந்தை உண்டு. பென் ஹில்ஸ் வேங்கடேஸ்வரர் கோயில். பெரியவர்கள் மேலே சேவித்துக்கொண்டிருக்க, நாங்கள் கீழே புளியோதரைத் தட்டை ஒதுக்கிவைத்துவிட்டு அட்டை பரப்புவோம். அங்கேதான் எனக்கு பாண்ட்ஸ் கிடைத்தார், போ ஜாக்சன் என்ற ஆட்டக்காரரின் அட்டை இரண்டுக்கு. அட்டையில் எண்ணெய் பட்டிருந்தது. பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டேன்.

ஆக, உங்கள் கேள்விக்குப் பதில்: சுமார் 90 பாக்கெட், 36 டாலர். அப்பாவின் இரண்டாவது கணக்கு சரியாகத்தான் இருந்தது.

என் மைத்துனர் நியூஜெர்சியிலிருந்து ஊர் திரும்பும்போது 1987ஆம் வருஷத்து அட்டை மூன்று பெட்டி கொண்டுவந்திருக்கிறார். கோடிக்கணக்கில் போகும் என்கிறார். நம்பலாமா? இடம் வாங்க முன்பணம் வேறு கொடுத்துவிட்டார்.
– வாசகி, சேலம்

அம்மா, முன்பணத்தைத் திரும்பக் கேட்கச் சொல்லுங்கள்.

கோடிக்கணக்கில் போகிற அட்டை உண்டு. இதே டாப்ஸ் 1952இல் போட்ட மிக்கி மேன்டில் அட்டை ஒன்று 2022 ஆகஸ்டில் 1.26 கோடி டாலருக்கு ஏலம் போனது. ஏன்? 1952 அட்டைகளில் விற்காமல் கிடங்கில் கிடந்த பெட்டிகளை 1960இல் படகில் ஏற்றிக் கொண்டுபோய் அட்லாண்டிக் கடலில் கொட்டிவிட்டதாக, அந்தத் தொகுப்பை வடிவமைத்த சை பெர்கரே சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்த அட்டைகளை அம்மாக்கள் குப்பையில் போட்டார்கள். சைக்கிள் சக்கரக் கம்பியில் துணிக்கிளிப் போட்டு மாட்டி, மோட்டார் சைக்கிள் சத்தம் வரவைத்துப் பையன்கள் கிழித்தார்கள். மிச்சம் சொற்பம், அதனால் விலை.

எண்பதுகளில் இந்த விலைக் கதை எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வளர்ந்த ஆண்கள் பெட்டி பெட்டியாக வாங்கிப் பிரிக்காமல் பரணில் வைத்தார்கள், பிள்ளையின் கல்லூரிப் படிப்புக்கு ஆகும் என்று. கம்பெனிகளும் மலைமலையாக அச்சடித்தன. யாரும் எதையும் தூக்கிப்போடவில்லை. ஊரே தங்கத்தைப் பதுக்கினால் விலை ஏறும், ஊரே பதுக்கியது அட்டையாக இருந்தால் என்ன ஆகும்? அந்தக் காலத்து அட்டைகளுக்கு அமெரிக்காவில் இன்றைக்குப் பெயரே 'குப்பை மெழுகு'தான். 1987 தொகுப்பில் பாண்ட்ஸ், மார்க் மக்வயர் எல்லோரும் இருந்தும் கதை அதுவே.

மைத்துனரிடம் இதைச் சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லுங்கள்.

792 பேரில் உங்களுக்குப் பிடித்த அட்டை எது? பாரி பாண்ட்ஸ்தானே?
– வாசகர், தூத்துக்குடி

பாண்ட்ஸ் 320ஆவது அட்டை. பிடிக்கும். பிற்பாடு எங்கள் ஊரை விட்டு சான் ஃபிரான்சிஸ்கோ போய், மொத்தம் 762 ஹோம் ரன் அடித்து, ஊக்கமருந்துச் சர்ச்சையிலும் அடிபட்டார். என் அட்டையில் அவர் ஒல்லியாக, புளியோதரை எண்ணெயோடு இருக்கிறார். அவரை அப்படியே விட்டுவிடுவோம்.

நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பது 792ஆவது அட்டையை. அதில் ஆட்டக்காரரே கிடையாது. அது பட்டியல் அட்டை. 661 முதல் 792 வரை எண், பெயர், பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். கிடைத்த அட்டைக்கு டிக் போட்டுக்கொள்ளலாம். பாக்கெட்டில் பட்டியல் அட்டை வந்தால் பையன்களுக்கு எரிச்சலாக இருக்கும், ஓர் ஆள் வரவேண்டிய இடத்தில் ஒரு பட்டியல். கசக்கிப் போடுவார்கள், இல்லாவிட்டால் சக்கரக் கம்பிக்குப் போய்விடும். அதனால்தான் எனக்கு 791 அட்டை சேர்ந்தும் அது மட்டும் சிக்கவில்லை. யாரிடம் கேட்டாலும் இல்லை. பாண்ட்ஸைப் பத்திரமாக வைத்திருந்தவர்கள்கூட பட்டியலை வைத்துக்கொள்ளவில்லை.

1988 வசந்தத்தில் எதிர்வீட்டுக்காரர்கள் காலிசெய்துகொண்டு டெக்சாஸ் போனார்கள். அவன் அப்பாவுக்கு அங்கே வேலை கிடைத்திருந்தது. சாமான் வண்டி கிளம்புகிற நேரத்தில் அவன் தெருவைக் கடந்து ஓடிவந்து, என் கையில் ஓர் அட்டையை வைத்து, "உனக்கு வேணும்" என்றான். 792. அவன் தனக்காக வைத்திருந்த பட்டியல், நீலப் பேனாவில் டிக் போட்டது. பதிலுக்கு என்ன வேண்டும் என்று அவன் கேட்கவில்லை. என்ன வேண்டும் என்று நானும் கேட்கவில்லை. பட்டியல் கிடைத்த சந்தோஷத்தில் உள்ளே ஓடிப்போய் அப்பாவிடம் காட்டினேன்.

அப்புறம் ரொம்ப நாள் அதைச் சரியாகப் பார்க்கவே இல்லை. எண் 792 என்பது போதுமாக இருந்தது. ஊர் திரும்பி, கல்லூரி முடித்து, வேலைக்குப் போன பிறகு ஒரு மழைநாளில் பெட்டியைத் திறந்து உட்கார்ந்திருந்தபோதுதான் ஒவ்வொரு கட்டமாகப் படித்தேன். 132 கட்டத்தில் 131இல் டிக் இருந்தது. காலியாக இருந்தது 784.

கால் ரிப்கன். இரண்டும் இன்னும் என்னிடம்தான் இருக்கின்றன.