பதில்: மல்யுத்தப் போட்டி இழுத்துக்கொண்டே போகிறது
ஆளுக்கொரு பாத்திரமாகி மேசையில் ஆடும் பகடை விளையாட்டில் (RPG) மல்யுத்தம் வைத்தால், ஒரு போட்டிக்கே 2 மணி நேரம், மோதாதவர்கள் போனை நோண்டுகிறார்கள் என்கிறீர்கள். தப்பு உங்கள் மேல் இல்லை. பகடை உருட்டி உயிர்ப்புள்ளியை (பாத்திரம் இன்னும் எவ்வளவு அடி தாங்கும் என்ற கணக்கை) கழிக்கும் விதி வாள்சண்டைக்குச் சரி. மேடை மல்யுத்தத்தில் ஜெயிப்பவர் யார் என்பது முன்பே முடிவான விஷயம். கூட்டம் கத்துகிறதா என்பதுதான் பந்தயம்.

‘வேர்ல்ட் வைட் ரெஸ்லிங்’ என்ற RPG இந்த எண்ணத்தில் உருவான விளையாட்டுதான். இரண்டு ஆறுமுகப் பகடை: 10, அதற்கு மேல் என்றால் கச்சிதம்; 7 முதல் 9 வரை வந்தால் அரைகுறை; 6, அதற்குக் கீழே போனால் சொதப்பல்.

அதை வாங்காமலே ஒன்று செய்யலாம். சும்மா இருப்பவரை வர்ணனையாளர் ஆக்குங்கள். “ஐயோ, நடுவர் திரும்பிவிட்டார்!” என்று அவர் சொன்னால் அது நடந்ததாகவே கணக்கு. அப்புறம் போனை யார் தொடுவார்கள்?

நிஜக் குத்துச்சண்டைக்கு இது பொருந்தாது. அங்கே சுற்றுக்கு ஒரு உருட்டல் போதும்.