எண்டோஸ்கோப்பி எடுக்காமலே ஹயாடஸ் ஹெர்னியா, எதுக்களிப்புத் தொந்தரவைச் சமாளிக்க முடியுமா?

பெரும்பாலும் முடியும், சில அறிகுறிகள் இல்லாதவரை. அவற்றைக் கடைசியில் சொல்கிறேன்.

எனக்கு ராத்திரி படுத்தால் புளிப்பு தொண்டை வரை ஏறும், கூடவே வறட்டு இருமல். ஹயாடஸ் ஹெர்னியாவாக இருக்கலாம் என்றார் டாக்டர். ஆனால் ஸ்கோப் (வாய் வழியாகக் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பி) உடனே வேண்டாம் என்றுவிட்டார். மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தில் உணவுக்குழாய் நுழையும் துளை தளர்ந்து, இரைப்பையின் மேற்பகுதி மார்புக்குள் ஏறுவதுதான் இந்த ஹெர்னியா. சிறியதாக இருந்தால் எதுக்களிப்புக்குச் செய்யும் அதே வைத்தியம்தான். பிறகு பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

ஆளாளுக்கு எதைச் சாப்பிடக் கூடாது என்று பட்டியல் போடுவார்கள். எனக்குப் புளிக்குழம்பு ஒன்றும் செய்யாது. ராத்திரி பரோட்டா சால்னா என்றால் அவ்வளவுதான். உங்களுக்கு ஆகாதது எதுவென்று நீங்களே கவனியுங்கள். அதைவிட முக்கியம், சாப்பிடும் நேரமும் படுக்கும் விதமும். சாப்பிட்டு 3 மணி நேரமாவது கழித்துப் படுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் 6 அங்குல உயரத்துக்குக் கட்டை வையுங்கள். தலையணையை அடுக்கினால் கழுத்து மட்டும் உயரும், வயிறு மடங்கி இன்னும் அமுங்கும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இரைப்பை உணவுக்குழாய்க்குக் கீழே இருக்கும், அமிலம் ஏறுவது குறையும். தொப்பை குறைந்தாலும் நல்ல பலன் உண்டு (சொல்வது சுலபம்!). பெல்ட், பாவாடை நாடா எதையும் இறுக்கிக் கட்டாதீர்கள்.

அப்புறம் மாத்திரை. அமிலச் சுரப்பைக் குறைக்கும் பான்டோபிரசோல், ஒமெப்ரசோல் எல்லாம் காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்னால் போட வேண்டியவை. எரியும்போது போட்டால் உடனே கேட்காது. அதற்கு ஜெலுசில் மாதிரி மருந்துதான். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்காதீர்கள். நாள்பட்டுப் போட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினால் அமிலம் கூடுதலாகச் சுரந்து எரிச்சல் திரும்பலாம். மூட்டுவலிக்கு டைக்ளோஃபெனாக் போடுகிறவர் என்றால் டாக்டரிடம் அதையும் சொல்லுங்கள்.

விழுங்கும்போது சாப்பாடு சிக்குவது, காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை — இதில் ஒன்று இருந்தாலும் ஸ்கோப்பைத் தள்ளிப்போடாதீர்கள். ரத்த வாந்தியோ தார் மாதிரி கறுத்த மலமோ வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். நெஞ்சு அழுத்தத்தோடு வியர்த்துக் கொட்டினாலோ, வலி கைக்கும் தாடைக்கும் பரவினாலோ, கேஸ் என்று சோடா குடித்துக்கொண்டு உட்காராமல் உடனே போய் ஈசிஜி எடுங்கள்.