எவர்சில்வர்ல (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல) நைட்ரஜன் கலந்தா துரு பிடிக்காதா? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

தேயிலை ஸ்டோர்ல ஃபிட்டரா கிடந்தவன் நான், ஸ்டெயின்லெஸ் பத்தி கேளுங்கன்னு நேத்து போட்டதுக்கு கேள்வி வந்து குவிஞ்சிருச்சு.

அட்டன் தம்பி: அண்ணே, காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன் தானே, அப்ப எதுக்கு தனியா போடணும்?

காத்துல இருக்குறது வெளிய சும்மா சுத்துது தம்பி, உருக்கும்போதே உள்ள கரைஞ்சா தான் பிரயோசனம். உப்போ பிளீச்சோ பட்டா அதுல உள்ள குளோரைட் மேல துருவ தடுத்துகிட்டு இருக்க குரோமியம் ஆக்சைடு படலத்த ஏதோ ஒரு புள்ளியில உடைச்சிரும், அங்க குழி விழும், குழிக்குள்ள தண்ணி அமிலமாகி இன்னும் ஆழமா தின்னுகிட்டே போகும். உலோகம் கரையும்போது கூடவே வெளிய வர்ற நைட்ரஜன் அந்த அமிலத்தோட சேர்ந்து அம்மோனியமா மாறிருது, புளிப்பு குறையுது, குழியும் அடங்கிருது. பெரும்பாலும் இப்படித்தான் விளக்கம் சொல்றாங்க.

நானுஓயா: எவ்வளவு போட்டா போதும்?

துளி தான். பிரென்னு (PREN) ஒரு கணக்கு இருக்கு, குழி விழாம எவ்வளவு தாங்கும்னு காட்டுற எண், கூடுனா நல்லது: குரோமியம் சதவீதம், மொலிப்டினம் 3.3 மடங்கு, நைட்ரஜன் 16 மடங்கு, மூணையும் கூட்டணும். 2205ங்கிற டூப்ளெக்ஸ் ரக (ரெண்டு விதமான உள்கட்டமைப்பு கலந்த) ஸ்டெயின்லெஸ்ல 22 குரோமியம், 3 மொலிப்டினம், வெறும் 0.17 நைட்ரஜன், கூட்டுனா கிட்டத்தட்ட 35. நம்ம பாத்திரம், சிங்க்ல வர்ற சாதாரண 304 ரகம் வந்து 19 பக்கம் தான்.

பண்டாரவளை அக்கா: கடையில வாங்குன சிங்க்ல காந்தம் ஒட்டல, ஆனா புள்ளி புள்ளியா துரு. ஏமாத்திட்டாங்களா?

அது 201ங்கிற மலிவு ரகமா இருக்கும்க்கா. காந்தம் ஒட்டலன்னா 304னு நம்ம ஆளுங்க நினைக்கிறது தப்பு, 201லயும் ஒட்டாது. அதுல விலை கூடின நிக்கலை குறைச்சு மாங்கனீஸும் நைட்ரஜனும் போட்டுருப்பாங்க. பிரென் கணக்குல 304 பக்கத்துல வரும், ஆனா அந்த கணக்கு மாங்கனீஸ பாக்காது, மாங்கனீஸ் கந்தகத்தோட சேர்ந்து உள்ள சின்ன சின்ன துணுக்கா நிக்கும், குழி அங்கருந்து தான் ஆரம்பிக்கும். குரோமியமும் 304ஐ விட கம்மி. பிளீச் ஊத்துனா உடனே நிறைய தண்ணி விட்டு கழுவிருங்க.

வெல்டிங் பாஸ் ஒருத்தர்: அப்ப நிறைய போட்டுரலாமே?

கரையுற அளவு தாண்டுனா குரோமியம் நைட்ரைடா பிரிஞ்சிரும் பாஸ், பக்கத்துல உள்ள குரோமியத்தையும் இழுத்துக்கும், அந்த இடம் தான் முதல்ல அரிக்கும். டூப்ளெக்ஸ் வெல்ட் சட்டுனு ஆறுனாலும் இதே கூத்து தான். வெல்ட் அடிக்கும்போது நைட்ரஜன் பறந்தும் போயிரும், அதான் டூப்ளெக்ஸுக்கு வெல்ட காத்து படாம மூடுற ஆர்கன் வாயுல 2 சதவீதம் போல நைட்ரஜன் கலந்து விடுறாங்க. வெறும் ஆர்கன்ல டிக் (TIG) வெல்டிங் அடிச்சிட்டு ஏன் அரிச்சதுன்னு கேக்காதீங்க.