தொற்றுக் காலத்தில் நிலவு காட்டலாமா? லென்ஸைத் துடைத்தால் போதுமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஆண்டுதோறும் நிலவையும் கோள்களையும் காட்டி வருகிறோம். ஆறு அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி (கையால் தள்ளித் திருப்பும் எளிய வகை) இருக்கிறது. அக்கம்பக்கத்தாரும் சேர்ந்து எண்பது பேர் வரை வருவார்கள். கோவிட் போன்ற தொற்று பரவும் காலத்தில் இதை நடத்தலாமா? ஒவ்வொருவரும் பார்த்து முடித்ததும் சானிடைசர் போட்டு லென்ஸைத் துடைத்தால் போதாதா?

பதில்: கூட்டம் கூட அரசு தடை விதிக்காதவரை நடத்தலாம். ஆனால் துடைப்பது மட்டும் போதாது. அதிலும் சானிடைசர் வேண்டவே வேண்டாம்.

கோவிட் பெரும்பாலும் மூச்சுக்காற்று வழியாகவே பரவுகிறது. எனவே லென்ஸைவிட, அதன் பின்னால் பேசிச் சிரித்துக்கொண்டு நிற்கும் வரிசைதான் முதல் கவலை. லிஃப்டில் நெருக்கியடித்து ஏறி, மாடிக் கதவருகே முட்டி மோதி நின்றுவிட்டு, மேலே திறந்தவெளிதானே என்று ஆறுதல் கொள்வதில் பொருளில்லை. பேசாமல் தொலைநோக்கியைக் கீழே இறக்கிவிடுங்கள். வாகன நிறுத்துமிடமோ குழந்தைகள் விளையாடும் திடலோ போதும். நிலவும் வியாழனும் சனியும் தெருவிளக்குக்கு மங்குபவை அல்ல. மாடிதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாம்: அல்சூர் வானத்தில் மங்கலான நெபுலாக்கள் (விண்முகில்கள்) மாடியிலிருந்தும் தெரியப்போவதில்லை.

ஆளுக்கு இரண்டு நிமிடம் என்று கணக்கிட்டு, அரை மணிக்குப் பதினைந்து பேர் வீதம் நேரம் குறித்த சீட்டுக் கொடுங்கள். எண்பது பேருக்கு மூன்று மணி நேரம் ஆகும். இரண்டு மாலைகளாகப் பிரித்துவிடுவது நல்லது. முதியவர்களுக்கு முதல் அரை மணி. பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதி வாங்கிக்கொண்டால், பின்னால் யாருக்காவது நோய் வந்தால் மற்றவர்களுக்குச் சொல்ல உதவும். இருட்டில் ஆறடி தூரம் எவ்வளவு என்று யாருக்கும் பிடிபடாது. தரையில் கோலமாவால் ஆறடிக்கு ஒரு வட்டம் போட்டு வையுங்கள். மங்கிய சிவப்பு விளக்கிலும் அது பளிச்சென்று தெரியும். மறுநாள் பெருக்கினால் போய்விடும்.

உங்கள் தொலைநோக்கியில் ஒரு சிக்கல் உண்டு. டாப்சோனியன் தானாக வானத்தைப் பின்தொடராது. பூமி சுழல்வதால் வானம் நான்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு பாகை நகர்கிறது. ஆறு அங்குல டாப்சோனியன்களில் பலவற்றுக்கும் குவியத்தூரம் 1200 மி.மீ. அதில் 10 மி.மீ. கண்ணருகு லென்ஸ் போட்டால், 1200-ஐ 10-ஆல் வகுத்து, 120 மடங்கு உருப்பெருக்கம் கிடைக்கும்; ஆனால் சனி இரண்டு நிமிடத்துக்குள் காட்சியைவிட்டு ஓடிவிடும். ஒவ்வொரு தடவையும் நீங்கள் குனிந்து சரிசெய்ய, பார்ப்பவரின் முகமும் உங்கள் முகமும் ஒரு சாண் தூரத்தில் நிற்கும். அந்த மாலை முழுதும் அத்தனை பேரின் மூச்சும் படுவது உங்கள்மேல்தான். அதற்குப் பதில் 25 மி.மீ. லென்ஸ் போடுங்கள். 48 மடங்கில் சனியின் வளையம் சிறிதாகத் தெரிந்தாலும் தெளிவாகத் தெரியும். காட்சிப்பரப்பும் ஒரு பாகை அளவு இருக்கும். கோளை உள்ளே நுழையும் விளிம்பில் நிறுத்திவிட்டு இரண்டு எட்டு விலகி நில்லுங்கள். அது நிதானமாகக் குறுக்கே நகர்ந்து போவதற்குள் இரண்டு பேர் பார்த்துவிடலாம். குழாயைப் பிடிக்காமல் இருக்க, கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். குழந்தைகள் இதை விளையாட்டாகவே செய்வார்கள், பெரியவர்கள்தான் மறந்துவிடுவார்கள்.

இனி லென்ஸ். கண்ணைச் சுற்றிப் படுவது கண்ணாடியல்ல, அதன் ரப்பர் விளிம்பு. அதை மடித்துவிடுங்கள். கண்ணைச் சற்றுத் தள்ளி வைத்தாலே முழுக்காட்சி தெரியும்படியான லென்ஸ்கள் கிடைக்கின்றன, 20 மி.மீ. இடைவெளி இருந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றாமலே பார்க்கலாம், தோலும் படாது. துடைப்பதானால் 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துணியை லேசாக நனைத்து ரப்பரையும் உலோகத்தையும் மட்டும் துடையுங்கள். நன்றாக உலர்ந்த பிறகே அடுத்தவர் பார்க்கலாம். இல்லாவிட்டால் கண் எரியும். இரண்டு லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டால் காத்திருக்க வேண்டாம். சானிடைசரில் கிளிசரின் கலந்திருக்கும். கண்ணாடியில் பட்டால் பிசுபிசுவென்று படிந்துவிடும். புற ஊதாக் கதிர் டார்ச் வைத்துக் கிருமி நீக்குகிறேன் என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள், அது கண்ணுக்கே ஆபத்து. கண் சிவந்து நீர் வடிபவர் யாரானாலும் அன்று லென்ஸருகே வரக்கூடாது. மெட்ராஸ் ஐ பரவுவதற்குத் தொலைநோக்கியைவிட வசதியான வழி கிடையாது.

முகக்கவசத்தின் மேல்விளிம்பு வழியே ஏறும் மூச்சு, டிசம்பர் குளிரில் லென்ஸில் ஆவியாகப் படியும். மூக்குக் கம்பியை அழுத்திக்கொண்டால் பாதி சரியாகிவிடும். புடவை முந்தானையால் துடைக்க வரும் அன்புக் கரங்களைப் பணிவாக மறுத்துவிடுங்கள்.

தொற்று உச்சத்தில் இருந்தால் யாரையும் லென்ஸருகே விடாமல், கைபேசியை ஒரு பிடிப்பானில் பொருத்தித் திரையில் காட்டுங்கள். முதல் கால்பகுதி நிலவு, அதாவது வளர்பிறையின் அரைநிலவு, இதற்கு மிகவும் ஏற்றது. ஒளியும் நிழலும் சந்திக்கும் கோட்டருகே பள்ளங்கள் ஆழமாகத் தெரியும். இணையத்திலிருந்து எடுத்த படமோ என்று ஒருவராவது கேட்பார். அவரை நிலவின் விளிம்பைக் கவனிக்கச் சொல்லுங்கள். வளிமண்டலத்தின் அசைவால் அது ஓடும் நீருக்கடியில் கிடக்கும் கூழாங்கல்போல நெளிந்துகொண்டே இருக்கும். சனிக்கு மட்டும் திரை சரிப்படாது என்பது என் எண்ணம். வளையத்தைத் தன் கண்ணால் பார்ப்பதே வேறு. அதற்குச் சிலரையாவது அனுமதிக்க முடிகிற நாளுக்குக் காத்திருக்கலாம்.

விண்மீன்களைச் சுட்டப் பச்சை லேசர் வேண்டாம். பழைய எச்.ஏ.எல். விமான நிலையம் அதிகத் தூரத்தில் இல்லை; விமானியின் கண்ணைக் கூசவைத்துவிடும்.

தொலைநோக்கியே வேண்டாத நிகழ்ச்சியும் உண்டு. பெங்களூரில் ஏப்ரல் 24 வாக்கிலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும் சூரியன் நண்பகலில் நேர் உச்சிக்கு வருகிறது. ஏப்ரலில் பகல் 12.17 மணியளவில் நிமிர்ந்து நிற்கும் எவர்சில்வர் டம்ளருக்கு நிழல் இராது. அவரவர் வீட்டு பால்கனியிலோ முற்றத்திலோ வெயில் விழும் இடத்தில் வைத்தே பார்க்கலாம்.

வான்நோக்கும் மாலையில் மேகம் மூடினாலோ தூறல் விழுந்தாலோ, வந்தவர்களைக் கூடத்துக்குள் உட்காரவைத்துப் படம் காட்டத் தொடங்காதீர்கள். ஜன்னல் சாத்திய கூடத்தில் ஒரு மணி நேரம் அடைந்து கிடப்பதற்கு, நிகழ்ச்சியே இல்லாமல் போவது மேல். சீட்டிலேயே மாற்றுத் தேதியை அச்சிட்டு, மாலை ஐந்து மணிக்கு வானத்தைப் பார்த்து முடிவு செய்து, எல்லோருக்கும் ஒரு குறுஞ்செய்தி அனுப்பிவிடுங்கள்.