சைக்கிள் தோல் சீட்டு பழக்குவது: கேட்டவர்களுக்குப் பதில்

காட்பாடி: புது புரூக்ஸ் பி17 தோல் சீட்டு. பலகையில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. எத்தனை நாளில் பழகும்?

நாள் கணக்கு இல்லை, கிலோமீட்டர் கணக்கு. சிலருக்கு 300, சிலருக்கு 1000. முதல் வாரம் தினம் பத்து, பதினைந்து போதும். உட்காரும் எலும்பு இரண்டும் அழுத்துகிற இடத்தில் தோல் மெல்ல இறங்கும். காலை வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள், கட்டைவிரல் பதித்த மாதிரி இரண்டு பள்ளம் தெரியும். என் சீட்டில் வலது பள்ளம்தான் ஆழம். நான் ஒரு பக்கம் சாய்ந்து மிதிக்கிறேன் என்பதே அதைப் பார்த்துத்தான் தெரிந்தது.

குடியாத்தம்: தேங்காய் எண்ணெயில் ஊறவைத்தால் சீக்கிரம் இளகுமா?

இளகும். இளகிக்கொண்டே போகும். என் முதல் சீட்டுக்கு ராத்திரி முழுக்க விளக்கெண்ணெய் வைத்தேன். ஆறே மாதத்தில் தூளி மாதிரி தொங்கி, அடிக் கம்பி இடித்தது. புரூஃபைடு என்று மெழுகுப் பசை வருகிறது, அதைத் துணியில் தொட்டு மெல்லிசாகத் தேயுங்கள். எண்ணெய் வேண்டாம்.

ஆம்பூர்: ஷூ கம்பெனியில் இருபது வருஷம் இருந்தவன். நனைத்து அச்சில் ஏற்றினால் தோல் ஒரே நாளில் வடிவத்துக்கு வரும். இவ்வளவு ஓட்டுவானேன்?

அண்ணே, உங்களிடம் தோலைப் பற்றிப் பேச பயம்தான். ஆனால் ஷூவின் மேல்தோல் பெரும்பாலும் குரோம் உப்பில் பதனிட்டது, மெல்லிசு, உள்ளே அச்சு தாங்குகிறது. சீட்டு தடித்த மாட்டுத்தோல், பட்டைச் சாற்றில் பதனிட்டது. முன்னும் பின்னும் ரிவிட், நடுவில் தாங்க ஒன்றுமில்லை. நனைத்து உட்கார்ந்தால் நீண்டுவிடும்.

மறுபடி ஆம்பூர்: பட்டைத் தோல்தான் நனைத்தால் நன்றாகப் பதியும். ஆவாரம்பட்டைத் தோலைப் பார்க்காதவனா நான்?

சரி, அது உண்மை, ஒப்புக்கொள்கிறேன். இங்கிலாந்தில் புரூக்ஸின் ஸ்மெத்திக் தொழிற்சாலையிலேயே நனைத்து, அச்சில் அழுத்தி, உலர்த்தித்தான் அனுப்புகிறார்கள். வீட்டில் மறுபடி நனைப்பது அந்த வேலையைக் கலைப்பது.

பேரணாம்பட்டு: அப்போ நம் ஊர்த் தோலிலேயே சீட்டு செய்யலாமே?

ஆவாரம்பட்டையில் பதனிட்டு, கடுக்காயில் முடிக்கிற கைப்பக்குவம் இங்கே பழையது. தடிமனான மாட்டுத்தோல் துண்டு கிடைத்தால் சொல்லுங்கள், ரிவிட் நான் அடிக்கிறேன். ஆம்பூர் அண்ணன் அச்சு தரட்டும்.

ஆற்காடு: நல்லெண்ணெய் போடலாமா?

மேலே படியுங்கள்.

வாணியம்பாடி: மழையில் ஊறிவிட்டது.

காயும்வரை ஏறாதீர்கள். நிழலில் வையுங்கள். நம் வெயிலில் வைத்தால் அப்பளம்.

ராணிப்பேட்டை: எந்த எண்ணெய் நல்லது?

வடைக்குக் கடலை எண்ணெய்.

சத்துவாச்சாரி: முன்னால் ஒரு நட்டு இருக்கிறதே, முறுக்கவா?

தொய்ந்த பிறகு மட்டும், கால் சுற்று. புதுசில் கை வைக்காதீர்கள்.

வாலாஜா: என் சீட்டைத் திருப்பினால் அடியில் பிளாஸ்டிக் தெரிகிறது.

அது இந்த மாதிரித் தோல் சீட்டு இல்லை, பஞ்சு மேல் உறை போட்டது. பழக்க ஒன்றுமில்லை, ஓட்டுங்கள்.